மூணாறு தலைப்பில் இரவு லிஸ்ட்

பிளேயர் ஒன்றுதான்.
கூத்தாநல்லூர் நூர்தீன் சிங்கப்பூரிலிருந்து வந்த வருஷம்
பக்கிரிசாமிக்கு விற்றது.
சும்மா அழுத்தினால் அவன் ஏற்றிய ஃபர்ம்வேர் எழும்:
கறுப்புத் திரை, பொடி எழுத்து,
எதைத் தொட்டாலும் இன்னொரு மெனு.
ஓரத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே அழுத்தினால்
கம்பெனி கொடுத்தது எழும்.
எனக்கு அது போதும்.

அவன் இரவு, நான் பகல்.
கை மாறும்போது சாவிக்கொத்து, டார்ச், ரிஜிஸ்டர்,
அதன் மேல் பிளேயர்.

ஐப்பசிக் கடைசியில் அவனைக் கல்லணைப் பக்கம் மாற்றினார்கள்,
என்னை இரவுக்கு.
"ராத்திரின்னு ஒரு லிஸ்ட் இருக்கு.
பன்னெண்டு மணிக்குப் போட்டுடு" என்றான்.
ஏன் பன்னிரண்டு என்று நான் கேட்கவில்லை.
நீடாமங்கலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

லிஸ்ட் இருந்தது.
திறந்தால், பாடல்கள் இல்லை.
பாட்டைத் தனியாகத் தேடிப் போட்டால் பாடுகிறது.
வரிசைதான் தெரியாதாம்.
அவனுடைய ஃபர்ம்வேருக்குப் போனால் முடிந்தது விஷயம்.
போகவில்லை. கண் ஒரு காரணம்,
வீம்பு மிச்சக் காரணம்.

மோட்டார் ரூமில் உட்கார்ந்து
ஒயரைப் போனில் செருகி அந்த ஃபைலைத் திறந்தேன்.
வரிக்கு ஒரு விலாசம்.
வெண்ணாறு, தலைப்பு, கோரையாறு, ஒரு வாய்க்கால், ஒரு மதகு,
கடைசியில் யாரோ ஒருத்தர் வயல் என்று
நாங்கள் தண்ணீருக்கு எழுதுவோமே, அப்படி.
அவன் கார்டின் தலையிலிருந்து எழுதியிருந்தான்.
கம்பெனிக்கு நின்ற இடத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.
நடுவில் பிரிக்கிற கோடு அவனுக்கு வலப்பக்கம் சாய்கிறது,
இதற்கு இடப்பக்கம்.
கார்த்திகையில் காற்று மாறி அடித்த சம்பா மாதிரி
ஒரே வயல், ரெண்டு சாய்வு.
தமிழில் பேர் வைத்த பாட்டெல்லாம்
இதன் திரையில் கட்டம் கட்டமாக வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது,
அதைச் சொன்னால் விடிந்துவிடும்.

பன்னிரண்டாம் பாட்டுக்குக் கீழே ஒரு வரி,
ஹேஷ் குறி போட்டது:
# ஒரு மணி. கேஜ் பார்.
இருபத்துநாலுக்குக் கீழே:
# ரெண்டு. கோரையாறு மூணாம் ஷட்டர்ல செத்தை சிக்கும், கழி எடுத்துக்க.
முப்பத்தாறுக்குக் கீழே:
# மூணு. பாமணி முனையில லைட் எரியாது.
நாற்பத்தொன்றுக்குக் கீழே:
# இனிமே தூங்க மாட்டே.
ஹேஷில் தொடங்குகிற வரியை
அவனுடையதும் படிக்காது, கம்பெனியுடையதும் படிக்காது.
இந்த ஒன்றில் ரெண்டுக்கும் ஒற்றுமை.

பதினேழாம் பாட்டு கார்டில் இல்லை.
புரட்டாசியில் நான்தான் அழித்தேன்,
மச்சான் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஏற்ற இடம் வேண்டி.
இல்லாத பாட்டை அவன் ஃபர்ம்வேர் தாண்டிப் போய்விடும்,
ஒரு வார்த்தை சொல்லாது.
ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
அக்டோபர் நாலிலிருந்து ரெண்டு மணி அளவு
1.55 என்று இருக்கிறது. மூணு மணியுடையது 2.55.
பாட்டு முடிந்ததும் எழுந்து போயிருக்கிறான்,
கடிகாரம் என்ன காட்டியதோ அதை எழுதியிருக்கிறான்.
இருபத்தொன்பது நாள்.
காலையில் கீழே கையெழுத்துப் போட்டது நான்.

நாற்பது வரியின் கோட்டையும் சாய்த்து மாற்ற
நாலரை ஆயிற்று.
அவனுடையதைத் தொடவில்லை.
'ராத்திரி 2' என்று தனியாக வைத்தேன்.
பதினேழாம் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ்.
அதன் கீழே அந்தக் கல்யாண நாதஸ்வரம்:
ஐந்து நிமிஷம், பன்னிரண்டு வினாடி.

மறுநாள் எழுதினேன்: 2.00.
பன்னிரண்டு வினாடிக்கு ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.
கழியை எடுத்துக்கொண்டு போனேன்.
மூணாம் ஷட்டரில் ஆகாயத்தாமரை, ஒரு செருப்பு,
பாதி வாழைமட்டை.